பத்துப் பக்க விமர்சனம்

1966 பிப்ரவரி 7ஆம் தேதியிட்டு அமெரிக்காவில் ஒரு சிற்றிதழ் வெளிவந்தது. சைக்ளோஸ்டைல் எடுத்த பத்துப் பக்கங்கள், சுமார் 500 பிரதிகள், விலை 25 சென்ட். நடத்தியவர் பால் வில்லியம்ஸ். பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன். எழுதியதும் கிட்டத்தட்ட முழுக்க அவரே. இதழின் பெயர் 'கிராடாடி'. லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஆரம்ப நாட்களில் வாசித்த கிளப்பின் பெயரை எடுத்து வைத்திருந்தார். அழகுப் படங்களும் துணுக்குச் செய்திகளும் இதில் வராது, பாட்டைப் பற்றி யோசித்து எழுதும் எழுத்து மட்டுமே வரும் என்று முதல் இதழிலேயே அறிவித்துவிட்டார். ராக் இசை விமர்சனத்துக்கென்றே அமெரிக்காவில் வந்த முதல் பத்திரிகை இதுதான் என்பார்கள்.

அதற்கு முன் ராக் இசையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதில்லை. பதின்வயதுப் பெண்களுக்கான பத்திரிகைகள் பாடகருக்குப் பிடித்த நிறம் எது, சாப்பாடு எது என்று எழுதின. 'பில்போர்டு' போன்ற வணிக இதழ்கள் எந்தத் தட்டு விற்கும் என்று ஜூக்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் வானொலிக்காரர்களுக்கும் சொல்லின. ஜாஸுக்கு 'டவுன் பீட்' இருந்தது, அதில் நட்சத்திர மதிப்பெண்கூட உண்டு. ராக் தட்டை வீட்டில் போட்டுக் கேட்கிற ஆளுக்கு அந்தப் பாட்டு என்ன செய்தது என்று எழுதத்தான் இடமில்லை.

வில்லியம்ஸுக்கு அந்த இடம் எங்கிருந்து கிடைத்தது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது இசையுலகத்திலிருந்து வரவில்லை, அறிவியல் புனைகதை வாசகர்களிடமிருந்து வந்தது. அந்த வாசகர்கள் 1930 முதலே தங்களுக்குள் சிற்றிதழ் நடத்தி வந்தார்கள். ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து, உருளையைச் சுற்றி, தாளை அடுக்கிப் பின்னடித்துத் தபாலில் அனுப்புவார்கள். பணம் கொடுத்தும் வாங்கலாம், நீளமாக ஒரு கடிதம் எழுதிப் போட்டாலும் அடுத்த இதழ் வீடு தேடி வரும். பள்ளிப் பருவத்திலேயே வில்லியம்ஸ் அப்படியொரு இதழை நடத்தியிருந்தார். கிராடாடியின் முதல் இதழ் உருண்டதும் புரூக்ளினில் டெட் வைட் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரின் வீட்டு நிலவறையில்தான். அந்த இதழ்களில் எல்லோரும் 'நான்' என்றே எழுதுவார்கள். ஒருவர் ஒரு நாவலைத் தூக்கிப் பேசினால் அடுத்த இதழில் இன்னொருவர் கிழித்துத் தொங்கவிடுவார். விளம்பரதாரர் கிடையாது, சம்பளம் கிடையாது. ஆகவே யார் முகத்தையும் பார்த்து வார்த்தையை விழுங்க வேண்டியதில்லை. இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்து இசைத்தட்டின் மேல் வைத்ததுதான் வில்லியம்ஸ் செய்த காரியம்.

முதல் இதழ் போன கொஞ்ச நாளில் விடுதிக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் பால் சைமன். சைமன் - கார்ஃபங்கல் தட்டைப் பற்றி இதழில் வந்ததைப் படித்துவிட்டு, எங்கள் பாட்டைப் பற்றிப் புத்தியோடு எழுதியதாக நான் பார்க்கும் முதல் எழுத்து இது என்ற பொருளில் சொன்னாராம். வில்லியம்ஸ் விரைவிலேயே கல்லூரியை விட்டு நியூயார்க் போய் இதழை முழுநேர வேலையாக்கிக்கொண்டார்.

அவர் எழுதிய முறையைக் கவனிக்க வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பது அவர் வேலையாகவே இருக்கவில்லை. பிடித்ததைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதினார். ஒரு பாட்டின் பொருள் தட்டின் பள்ளத்தில் அச்சாகிக் கிடப்பதல்ல, கேட்பவரிடம் போய்ச் சேரும்போதுதான் அது முழுமையாகிறது என்று நம்பினார். அதனால் கேட்ட ஆளையும் சேர்த்தே எழுதினார். விமர்சன நேர்மை என்றாலே காரசாரமாகத் திட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. திட்டுவது சுலபம், கேட்காமலேகூடத் திட்டலாம். என்ன மனநிலையில், எத்தனை முறை, என்ன எதிர்பார்ப்போடு கேட்டேன் என்பதை மறைக்காமல் வைப்பதுதான் கடினம். அப்படி வைத்துவிட்டால், எழுதியவரோடு ஒத்துப்போகாத வாசகருக்கும் அந்த விமர்சனம் உதவும். இவருக்கு இந்தக் காரணத்தால் பிடிக்கவில்லை, எனக்கு அதே காரணத்தால் பிடிக்கும் என்று அவர் கடைக்குப் போய்த் தட்டை வாங்கிவிட முடியும்.

வில்லியம்ஸ் 1968இலேயே இதழை விட்டு விலகினார். அதற்குள் அங்கே எழுதிப் பழகியவர்கள் வெவ்வேறு திசைகளில் கிளம்பியிருந்தார்கள். இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த மாணவரான ஜான் லாண்டாவ் அவர்களில் ஒருவர். 1967 இறுதியில் தொடங்கிய 'ரோலிங் ஸ்டோன்' இதழில், அடுத்த ஆண்டே 'கிரீம்' குழுவின் கச்சேரியைப் பற்றி எழுதினார். எரிக் கிளாப்டன் பழகிய சொற்றொடர்களையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார் என்று நேருக்கு நேர் சொன்னார். கிளாப்டனைக் கடவுள் என்று லண்டன் சுவர்களில் எழுதிவைத்த காலம் அது. அதைப் படித்தபோது மயங்கி விழுந்ததாகக் கிளாப்டனே பின்னர் சொல்லியிருக்கிறார். சொன்னது உண்மை என்று அவருக்குப் பட்டதுதான் காரணம். அந்த ஆண்டே குழு கலைந்தது.

இதே லாண்டாவ் 1974இல் ஹார்வர்டு சதுக்கத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, தனக்கு 27 வயதாகிறது, இசை முன்போலத் தன்னைத் தொடுவதில்லை, தூக்கம் வராத இரவில் எழுதுகிறேன் என்றெல்லாம் மனந்திறந்து ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து ஒரு வரியை ரெக்கார்டு கம்பெனி பிடுங்கி விளம்பரமாக்கியது. அடுத்த ஆண்டு 'பார்ன் டு ரன்' ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் லாண்டாவும் ஒருவர். பிறகு ஸ்பிரிங்ஸ்டீனின் மேலாளரும் ஆனார். அந்தக் கட்டுரை பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மேலாளர் ஆனவர் அதன்பின் ஸ்பிரிங்ஸ்டீனைப் பற்றி என்ன எழுதினாலும் வாசகர் நம்ப முடியாது. உள்ளத்தைத் திறந்து எழுதும் விமர்சனத்துக்கு இந்த ஆபத்து பிறவியிலேயே உண்டு. நெருக்கம் இல்லாமல் அப்படி எழுத வராது, நெருக்கமே ஒரு கட்டத்தில் வாயை அடைத்துவிடும்.

லெஸ்டர் பேங்ஸ் இன்னொரு வகை. கலிபோர்னியாவில் செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். அவருடைய முதல் விமர்சனம் 1969இல் ரோலிங் ஸ்டோனில் வந்தது: டெட்ராய்ட்டின் எம்.சி.5 குழுவின் முதல் ஆல்பத்தைப் போட்டுத் தாக்கியிருந்தார். பின்னாளில் அதே ஆல்பத்தின் மேல் அவருக்குப் பித்துப் பிடித்தது. அதை அவர் ஒளித்துவைக்கவில்லை. ஆளில்லாத தீவுக்கு ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துப் போவதானால் எது என்று விமர்சகர்களைக் கேட்டு 1979இல் வந்த 'ஸ்ட்ராண்டட்' தொகுப்பில், வான் மாரிசனின் 'ஆஸ்ட்ரல் வீக்ஸ்' பற்றி எழுதினார். 1968இல் அது வெளிவந்தபோது தான் எவ்வளவு சிதைந்துபோயிருந்தேன் என்பதிலிருந்துதான் அதைத் தொடங்குகிறார். ஆல்பத்தைப் பற்றிய எழுத்து எங்கே முடிகிறது, ஆளைப் பற்றியது எங்கே தொடங்குகிறது என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. தனிப்பட்ட விமர்சனம் இந்த உயரத்துக்குப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இதற்கிடையே, எழுபதுகளின் நடுவிலேயே ரோலிங் ஸ்டோன் பெரிய நிறுவனமாகிவிட்டது, அதன் பக்கங்களில் ரெக்கார்டு கம்பெனிகளின் விளம்பரம் நிறைந்தது. சைக்ளோஸ்டைல் வழி திரும்பவும் திறந்தது 1976 ஜூலையில், லண்டனில். வங்கி எழுத்தரான மார்க் பெரி 'ஸ்னிஃபின் குளூ' இதழைத் தொடங்கினார். பிள்ளைகள் விளையாடும் தட்டச்சுப் பொறி, தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனா, ஒளிநகல். முதல் இதழில் ராமோன்ஸ் குழுவோடு புளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவும் இருந்தது. பின்னதை உருவாக்கி வளர்த்த சாண்டி பேர்ல்மன் கிராடாடியில் எழுதியவர் என்பது பெரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மறு ஆண்டே பெரி இதழை நிறுத்தினார். கடைசி இதழோடு அவருடைய சொந்தக் குழுவின் பாட்டு பிளாஸ்டிக் தட்டாக இலவசமாக வந்தது.

சிறு நிறுவனங்கள் வெளியிடும் இசைக்கு, நாம் இன்று இண்டி என்று சொல்வதற்கு, அமெரிக்காவில் இந்த எழுத்துமுறையைக் கொண்டுபோனவர்களில் புரூஸ் பேவிட் முக்கியமானவர். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் மாணவராக இருந்தபோது, 1980இல் 'சப்டெரேனியன் பாப்' இதழைத் தொடங்கினார். பெரிய கம்பெனித் தட்டுகளுக்கு அதில் இடமில்லை. எந்த ஊரில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று ஊர் ஊராக எழுதினார், தட்டை வரவழைக்க முகவரியும் கொடுத்தார். பிறகு சில இதழ்களைத் தாளுக்குப் பதில் கேசட்டாகவே வெளியிட்டார். பெயர் 'சப் பாப்' என்று சுருங்கியது. 1986இல் அதே பெயரில் தொகுப்பு ஆல்பம் வந்தது, 1988இல் ஜோனதன் போன்மனுடன் சேர்ந்து சியாட்டிலில் முழுநேர நிறுவனமே ஆனது. லாண்டாவ் கடந்த கோட்டை பேவிட்டும் கடந்துவிட்டார். 1989இல் நிர்வாணா குழுவின் முதல் ஆல்பமான 'பிளீச்' சப் பாப்பிலிருந்து வந்தது. சுமார் 600 டாலர் செலவில் பதிவான ஆல்பம் அது. அதை விற்பது பேவிட்டின் வேலை. அது நன்றாக இருக்கிறதா என்று சொல்லும் வேலை, வேறு ஊர்களில் சொந்தக் காசில் ஒளிநகல் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்விட்டிருந்தது.