வீட்டு வைஃபை அணுகுமுனையாக ராஸ்பெரி பை

ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினியைக் கொண்டு வீட்டுக்குள் ஒரு வைஃபை வலையமைப்பை உருவாக்கலாம். கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றை அதில் இணைக்கலாம். கடையில் வாங்கும் ரவுட்டர் செய்வதும் இதே வேலைதான். ரவுட்டரும் உள்ளே ஒரு சிறு கணினியே. பலவற்றில் ஓடுவது லினக்ஸ்தான். ஆனால் ரவுட்டரில் எல்லா வேலைகளும் ஒரே பெட்டிக்குள் மூடிக் கிடக்கின்றன. ராஸ்பெரி பையில் ஒவ்வொரு வேலைக்கும் தனி மென்பொருள் உண்டு. அதைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், நிறுத்தலாம். வேகத்தை எதிர்பார்த்து இதில் இறங்குவோர் ஏமாறுவார்கள். தம் வீட்டு வலையமைப்பில் என்ன நடக்கிறது என்று அறிந்து, அதைத் தம் கட்டுப்பாட்டில் வைக்க விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான வழி அரிது.

பலகையின் வளர்ச்சி

பள்ளி மாணவர்கள் நிரல் எழுதப் பழக வேண்டும் என்ற நோக்கத்தோடு பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்ட ராஸ்பெரி பை அறக்கட்டளை, 2012 பிப்ரவரி 29 அன்று முதல் பலகையை விற்பனைக்கு விட்டது. தொடக்க காலப் பலகைகளில் வைஃபை இல்லை. யுஎஸ்பி துளையில் ஒரு வைஃபை அடாப்டரைச் செருக வேண்டியிருந்தது. அந்த அடாப்டர்களில் பல, ஏற்கெனவே உள்ள வைஃபையில் சேர மட்டுமே தெரிந்தவை. தாமே ஒரு வைஃபையை உருவாக்கி அணுகுமுனையாக இயங்கத் தெரியாதவை. 2016 பிப்ரவரியில் வந்த ராஸ்பெரி பை 3, வைஃபை சில்லைப் பலகையிலேயே கொண்டிருந்தது. அணுகுமுனை அமைப்பது பரவலானது அதன் பிறகுதான்.

2018 மார்ச்சில் வந்த 3 பி பிளஸ் பலகை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் கையாண்டது. அதன் கம்பிவழி இணைப்புக்குக் கிகாபிட் என்று பெயர் இருந்தாலும், அது யுஎஸ்பி 2 பாதை வழியாகவே போனதால் நொடிக்குச் சுமார் 300 மெகாபிட்டைத் தாண்டவில்லை. 2019 ஜூனில் வெளியான ராஸ்பெரி பை 4 இந்தக் குறையைத் தீர்த்தது: முழுக் கிகாபிட் வேகமுள்ள ஈத்தர்நெட், இரண்டு யுஎஸ்பி 3 துளைகள். வீட்டு அணுகுமுனைக்கு இன்றும் பொருத்தமான பலகை இதுவே. 2023இல் வந்த ராஸ்பெரி பை 5 இந்த வேலைக்குத் தேவைக்கு மேற்பட்ட வலிமை கொண்டது. ஜீரோ டபிள்யூ வகைப் பலகைகளில் ஈத்தர்நெட் துளையே இல்லை.

ராஸ்பெரி பை 3க்குப் பின் வந்த பலகைகளில் ஆன்டெனா எங்கே என்று தேடினால் எளிதில் கண்ணில் படாது. பலகையின் ஓரத்தில் செப்புப் படலத்தில் வெட்டப்பட்டுள்ள சிறு முக்கோண இடைவெளிதான் ஆன்டெனா. ஜீரோ டபிள்யூவில் முதலில் வந்த இந்த வடிவமைப்பு, ஸ்வீடனின் புரோஆன்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. அழகான பொறியியல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒற்றை ஆன்டெனா; இரண்டு, நான்கு ஆன்டெனாக்களோடு வரும் ரவுட்டரோடு அது போட்டியிட முடியாது.

மூன்று வேலைகள்

அணுகுமுனை என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதில் மூன்று வெவ்வேறு வேலைகள் அடங்கியுள்ளன. இவற்றைப் பிரித்துப் புரிந்துகொண்டவருக்கு, பழுது வந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

முதல் வேலை, வைஃபையை உருவாக்கி, சேர வருகிற கருவிகளைச் சோதித்து அனுமதிப்பது. லினக்ஸில் இதற்கெனப் பெயர்பெற்ற மென்பொருள் ஹோஸ்ட்ஏபிடி. யோவ்னி மலினென் எழுதத் தொடங்கிய இது, பிரிசம் என்ற பழைய வைஃபை சில்லுக்கான டிரைவரோடு பிறந்தது. வலையமைப்பின் பெயரையும் அதன் இயல்புகளையும் சொல்லும் அறிவிப்பு நொடிக்கு ஏறத்தாழ 10 முறை காற்றில் போகிறது. கைபேசியின் வைஃபை பட்டியலில் பெயர் தெரிவது இதனால்தான். ஒரு கருவி சேரும்போது கடவுச்சொல் காற்றில் அனுப்பப்படுவதே இல்லை. டபிள்யூபிஏ2 முறையில், வலையமைப்பின் பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து 4,096 சுற்றுக் கணக்கிட்டு இருபுறமும் ஒரே சாவியைத் தனித்தனியே உருவாக்கிக்கொள்கின்றன. பிறகு நான்கு செய்திகளைப் பரிமாறி, எதிர்ப்பக்கத்திடமும் அதே சாவி இருக்கிறதா என்று சரிபார்க்கின்றன. அந்த நான்கு செய்திகளைப் பதிவு செய்துகொண்டு, வேறோர் இடத்தில் உட்கார்ந்து கடவுச்சொல்லை ஊகிக்க முயல்வது நடக்கக்கூடியது. கடவுச்சொல்லுக்கு 8 முதல் 63 எழுத்துகள் வரை அனுமதி உண்டு. 8 எழுத்தில் நிறுத்தாமல், தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைப்பதே பாதுகாப்பு. வலையமைப்புக்கும் பலரும் வைக்கும் பொதுவான பெயரைத் தவிர்க்க வேண்டும். பெயரும் கணக்கில் சேர்வதால், பொதுப் பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல்கள் புழங்குகின்றன.

இரண்டாவது வேலை, சேர்ந்த கருவிக்கு ஐபி முகவரி கொடுப்பதும், அது கேட்கும் இணையதளப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவதும். சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் இவ்விரண்டையும் செய்கிறது. முகவரி நிரந்தரமாகத் தரப்படுவதில்லை. குறித்த காலத்துக்கு வாடகைக்கு விடப்படுகிறது. கைபேசி வைஃபையில் சேர்ந்தும் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்பதிலேயே நின்றால், முதல் வேலை சரியாக நடந்துவிட்டது, கோளாறு இரண்டாவதில் இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, வைஃபை பக்கம் வரும் தரவுப் பொதிகளை ஈத்தர்நெட் பக்கம் கடத்துவது. இதை லினக்ஸின் கருவான கெர்னலே செய்கிறது. ஆனால் இந்தக் கடத்தல் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். நாம்தான் இயக்க வேண்டும். வீட்டுக் கருவிகளுக்குக் கொடுக்கப்படும் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரிகள், 1996இன் இணைய நெறிமுறைப்படி தனிப்பயனுக்கு ஒதுக்கப்பட்டவை. வெளி இணையத்தில் அவை செல்லாது. அதனால் பலகை ஒவ்வொரு பொதியிலும் அனுப்புநர் முகவரியை மாற்றித் தன் முகவரியை எழுதி அனுப்புகிறது. பதில் வந்ததும் உரிய கருவியிடம் சேர்க்கிறது. ஒரே கதவிலக்கத்தில் பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில், வரும் தபாலை எல்லாம் வீட்டுக்காரர் வாங்கி உரியவரிடம் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

முகவரி மாற்றம் வேண்டாம் என்றால் ஈத்தர்நெட்டையும் வைஃபையையும் பாலமாக இணைத்துவிடலாம். அப்போது பலகை முகவரி எதுவும் கொடுக்காது. ஏற்கெனவே உள்ள மோடமே எல்லாக் கருவிகளுக்கும் முகவரி தரும். வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கைபேசியிலிருந்து படம் அனுப்புவது, அச்சுப்பொறியைக் கண்டுபிடிப்பது ஆகியவை பால முறையில் தடையின்றி நடக்கும். விருந்தினரையோ கேமராக்களையோ தனியே பிரித்து வைக்கத்தான் முகவரி மாற்றும் முறை வேண்டும்.

அமைக்கும் முறை

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ராஸ்பெரி பை இயங்குதளத்தின் புக்வோர்ம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தபோது, வலையமைப்பை நிர்வகிக்கும் பொறுப்பு நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருளுக்குப் போய்விட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் பெரும்பாலானவை டிஎச்சிபிசிடி என்ற பழைய மென்பொருளின் கோப்பைத் திருத்தச் சொல்பவை. அவற்றைப் புதிய இயங்குதளத்தில் அப்படியே பின்பற்றினால், திருத்திய கோப்பை யாரும் படிக்க மாட்டார்கள், வைஃபையும் வராது. வழிகாட்டி எந்த ஆண்டுக்கு உரியது என்று பார்த்த பிறகே அதைப் பின்பற்ற வேண்டும்.

புதிய முறை மிக எளிது. மோடத்திலிருந்து பலகைக்கு லேன் கேபிள் இணைத்து, நெட்வொர்க்மேனேஜரின் கட்டளைக் கருவியான என்எம்சிஎல்ஐயிடம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து ஹாட்ஸ்பாட் உருவாக்கச் சொன்னால் போதும். மேலே சொன்ன மூன்று வேலைகளும் ஒரே கட்டளையில் நடந்துவிடுகின்றன. வழக்கமாக 10.42.0.1 என்பதைப் பலகை தன் முகவரியாக எடுத்துக்கொள்ளும். முகவரி வழங்க டிஎன்எஸ்மாஸ்க்கை அது தானே உள்ளே இயக்கிக்கொள்வதால், நாமும் தனியாக ஒரு டிஎன்எஸ்மாஸ்க்கை ஓடவிட்டால் இரண்டும் மோதும். இப்படி உருவான ஹாட்ஸ்பாட், பலகையை அணைத்துப் போட்டால் தானே திரும்பி வராது. தானாக இணையும் அமைப்பை இயக்கிவிட்டால் அந்தக் குறை தீரும். கட்டளை எழுதத் தயங்குவோருக்கு, உலாவி வழியே எல்லாவற்றையும் அமைக்க உதவும் ராஸ்ஏபி என்ற திறமூல மென்பொருள் உண்டு.

நாட்டுக் குறியீட்டைப் பதியும்வரை இயங்குதளம் வைஃபையைப் பூட்டியே வைத்திருக்கும். எந்தத் தடத்தில், எவ்வளவு வலிமையில் அலை வீசலாம் என்பது நாட்டுக்கு நாடு சட்டப்படி மாறுவதே காரணம். இந்தியாவுக்கு ஐஎன், இலங்கைக்கு எல்கே, சிங்கப்பூருக்கு எஸ்ஜி. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய தடங்களே ஒன்றோடொன்று கலக்காதவை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இவற்றுள் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையிலான தடங்கள் சிக்கலற்றவை. 52 முதல் 144 வரையுள்ளவற்றில் பல, ரேடார் பயன்பாட்டோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை.

மின்சாரமும் இடமும்

காரணம் புரியாமல் அறுந்து அறுந்து சேரும் வைஃபைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது சார்ஜரைத்தான். ராஸ்பெரி பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தேவை. ராஸ்பெரி பை 5க்கு 5 ஆம்பியர். பழைய கைபேசி சார்ஜரும் மெல்லிய கேபிளும் இதைத் தாங்காது. மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலகை திரையில் மின்னல் குறியைக் காட்டி எச்சரிக்கும். திரையே இல்லாமல் ஓடும் அணுகுமுனையில் அந்தக் குறியை யாரும் பார்ப்பதில்லை.

இயங்குதளம் இருக்கும் மெமரி கார்டுக்கு மின்வெட்டு எமன். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு முறைமை சிதையலாம். எல்லாம் சரியாக அமைந்த பிறகு, ராஸ்பி-கான்ஃபிக் கருவியில் உள்ள ஓவர்லே அமைப்பை இயக்கினால் கார்டு படிக்க மட்டுமேயாகிவிடும். மாற்றங்கள் நினைவகத்தோடு நின்றுவிடும். உலோகப் பெட்டியில் பலகையை அடைத்தால் அந்தச் சிறு ஆன்டெனாவின் அலை வெளியே வராது. யுஎஸ்பி 3 துளையில் செருகிய வன்தட்டும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலை எழுப்பும் என்பதும் நன்கு அறியப்பட்டதே. வன்தட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

கேபிள் இழுக்க முடியாத இடத்தில், ஒரே வைஃபை சில்லைக் கொண்டே மோடத்தின் வைஃபையில் சேர்ந்து, தானும் வைஃபை கொடுக்கலாம். அப்போது இரண்டும் ஒரே தடத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பொதியும் இருமுறை காற்றில் போவதால் வேகம் பாதிக்குக் கீழே விழும். கெர்னலிலேயே டிரைவர் உள்ள மீடியாடெக் சில்லுகளைக் கொண்ட யுஎஸ்பி அடாப்டர் ஒன்றைச் சேர்ப்பது மேல். வாங்குமுன் அது அணுகுமுனையாகச் செயல்படுமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாதுகாப்பும் பயனும்

2017 அக்டோபரில், டபிள்யூபிஏ2 முறையில் கிராக் எனப்பட்ட ஓட்டையை பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹோஃப் வெளிப்படுத்தினார். ஹோஸ்ட்ஏபிடிக்கான திருத்தம் அதே நாளில் வெளியாயிற்று. தயாரிப்பாளர் கைவிட்ட பழைய ரவுட்டர்களுக்கு அப்படிப்பட்ட திருத்தங்கள் வந்து சேர்வதில்லை. திறமூல மென்பொருளில் ஓடும் பலகையின் பெருமதிப்பு இங்கேதான் தெரிகிறது. ஆனால் அந்தத் திருத்தத்தை நிறுவும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஓவர்லேயை இயக்கியிருப்பவர்கள் அவ்வப்போது அதை அணைத்து, புதுப்பித்து, மீண்டும் இயக்க வேண்டும்.

அணுகுமுனைக்கு இணையம் கட்டாயம் இல்லை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்டர்நெட்-இன்-எ-பாக்ஸ், கிவிக்ஸ் போன்ற திட்டங்கள், விக்கிப்பீடியாவை முழுதாக மெமரி கார்டில் ஏற்றி, ராஸ்பெரி பையின் வைஃபை வழியே அருகில் உள்ள கைபேசிகளுக்கெல்லாம் வழங்குகின்றன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் கிவிக்ஸ் வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. இணையம் எட்டாத ஒரு வகுப்பறைக்கு இது ஒரு நூலகம். பலகையின் சில்லு ஒரே நேரத்தில் பல கருவிகளைத் தாங்காது என்பதால், மாணவர் தொகை கூடினால் வெளி அடாப்டர் வேண்டும்.

வீடு முழுவதும் வேகமான வைஃபை மட்டும் போதும் என்பவர் நல்ல ரவுட்டர் ஒன்றை வாங்குவதே சிக்கனம். அலமாரியில் பழைய ராஸ்பெரி பை 3 ஒன்று சும்மா கிடந்தால், அருகில் உள்ள பள்ளிக்கு அதை ஒரு விக்கிப்பீடியா அணுகுமுனையாக்கிக் கொடுங்கள்.