தோல் கைப்பிடி (கத்தி)

கத்தி, வாள், அரிவாள் முதலிய வெட்டுக்கருவிகளின் பிடியைத் தோலால் அமைக்கும் கைவினை. மரப்பிடியின்மேல் தோலைப் போர்த்தித் தைப்பது ஒரு வகை. தோல்வாரை வரிந்து கட்டுவது இன்னொன்று. துளையிட்ட தோல் வில்லைகளைக் கோத்து அடுக்கி, பிடி முழுவதையும் தோலாலேயே ஆக்குவது மூன்றாவது. உலகுக்கே தோல் அனுப்பிய தமிழ்நாட்டில், ஊர்க்கொல்லர் அடிக்கும் கத்திக்கு வழக்கமாக வாய்த்தது மரப்பிடிதான்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் இரும்புக்கு நெடிய வரலாறு உண்டு. மதுராந்தகத்தை அடுத்த சானூர்ப் பெருங்கற்கால ஈமக்காட்டில் 1950, 1952 ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் இரும்புக் கருவிகள் கிடைத்தன. மரமும் தோலும் மண்ணுக்குள் மக்கிவிடும் என்பதால், பிடிகளின் தொடக்கத்தை அறிய இலக்கியத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாடலில், காம்பு செப்பமிட்டு நெய் பூசிய வேல்கள் வருகின்றன. போருக்குப் போகாத வேல்கள் என்பது அந்தப் பாட்டின் குத்தல். காம்பைச் செப்பமிட்டு, படைக்கலத்துக்கு நெய் பூசிப் பேணும் பழக்கம் அவ்வளவு பழையது என்பது நமக்குக் கிடைக்கும் செய்தி.

இதே வட்டாரத்து உத்திரமேரூர்ப் பக்கம் தோல்பிடி வேரூன்றாததற்கு முதல் காரணம் தண்ணீர். கல்வெட்டுகள் வைரமேகத் தடாகம் என்று குறிக்கும் ஏரியை நம்பிய நெல் பூமி இது. நாற்றங்காலிலும் வரப்பிலும் நாள் முழுக்க நனையும் பிடி தோலாக இருந்தால் ஊறிப் பருத்து, காயும்போது சுருங்கித் தளர்ந்துவிடும். கொல்லர் முறை எளியது. கத்தியின் வாலை, அதாவது பிடிக்குள் செல்லும் பகுதியை, பழுக்கக் காய்ச்சி, துளையிட்ட மரக்கட்டையில் அறைவார். மரம் புகைந்து கருகி இரும்புக்கு வழிவிடும். பிடியின் வாய் பிளக்காமலிருக்க முன்கூட்டியே ஒரு பூண் ஏற்றப்பட்டிருக்கும். பிடி தேய்ந்தால் வேறு கட்டை செருகிக்கொள்ளலாம், செலவும் இல்லை.

தோல் தீட்டு என்ற எண்ணமே காரணம் என்பாரும் உண்டு. தோல் தொழிலாளரை ஊருக்கு வெளியே சேரியில் ஒதுக்கிய சமூகம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் கிணற்றில் கவலை இறைக்கும் சாலுக்குத் தோல்வால் வேண்டியிருந்தது, செருப்பும் பறையும் கத்தியின் உறையும் வேண்டியிருந்தன, நாவிதர் கத்தி தீட்டத் தோல்பட்டை வேண்டியிருந்தது. வேண்டியபோது தோலை வாங்கிக்கொண்டு, அதைச் செய்து தந்தவரை மட்டும் தள்ளி வைத்தார்கள். ஆகவே தீட்டை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

தமிழகக் கரையின் தோல் அயலார் வாளுக்குப் பிடியான வரலாறும் உண்டு. ஜப்பானிய வாளின் பிடியில், மேலே வரிந்த நாடாவுக்கு அடியில் சொரசொரப்பான திருக்கைமீன் தோல் இருக்கும். வியர்வை பட்டாலும் கை வழுக்காது. பழவேற்காட்டில் கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து ஜப்பானுக்கு அனுப்பிய சரக்குகளில் திருக்கைத் தோலும் மான்தோலும் அடங்கும்.

தோல் வில்லைப் பிடி பரவலானது மேலைநாட்டு ஆலைக் கத்திகளால். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 1942இல் ஏற்றுக்கொண்ட சண்டைக் கத்தி இவற்றுள் பெயர்பெற்றது. கேபார் என்ற பெயரில் இன்றும் விற்கிறது. எஸ்ட்விங் நிறுவனத்தின் சுத்தியல்களிலும் இதே பிடியைக் காணலாம். வடக்கு ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் தோலுக்குப் பதில் பூர்ச்சமரப் பட்டையை அடுக்குவார்கள்.

தோல் வில்லைப் பிடிக்கு எல்லாத் தோலும் ஆகாது. மரப்பட்டையில் பதனிட்ட கெட்டியான மாட்டுத்தோலே வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டை ஆவாரம்பட்டை. அதில் ஊறவைத்த தோல் வெயிலில் சிவந்துபோகாமலிருக்கக் கடுக்காய் நீரில் மறுபடி ஊறவைப்பார்கள். கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வழியே ஏற்றுமதியான இச்சரக்கு இன்று புவிசார் குறியீடு பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் முயற்சியால் குரோம் பதனிடல் சென்னைக்கு வந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரம் பக்கத்தில் எழுந்த தோல் ஆலையால் ஊர் ஒன்றுக்குக் குரோம்பேட்டை என்றே பெயர் நிலைத்தது. செருப்பின் மேல்தோலுக்குக் குரோம் தோல் சிறந்தது. பிடிக்கு உதவாது: மெத்தென்று இழுபடும், அரம் போட்டால் பிசிறு கிளம்பும், தேய்த்தாலும் மெருகேறாது.

செய்முறையில் வில்லைகள் பிடியின் இறுதிப் பருமனைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டப்படும். நடுவே கத்தி வாலின் வடிவத்துக்குத் துளையிட்டு, ஒவ்வொன்றாகக் கோத்துப் பசை தடவி, கடைசியில் உலோகக் குமிழை வைத்து மரையாணியால் இறுக்குவார்கள். அடுக்கு நன்கு அமுங்கினால்தான் பின்னாளில் இடைவெளி விழாது. காய்ந்தபின் அரம், பிறகு உப்புத்தாள். உள்ளங்கை படும் இடத்தில் சற்றே பருத்தும் சுண்டுவிரல் பக்கம் ஒடுங்கியும் வருமாறு தேய்ப்பார்கள். தோலின் வெட்டுமுகமே வெளியே தெரிவதால், மெழுகு தடவித் துணியால் தேய்க்கத் தேய்க்க வளையம் வளையமாக மெருகு ஏறும். பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து ஈர இரும்போடு சேர்ந்தால் கருஞ்சாயமாகிவிடும். அதனால் வாலுக்கு முதலில் பூச்சு கொடுப்பது நல்லது.

ஈரமும் பூசணமுமே இப்பிடிக்குப் பகை. கத்தியைத் தோலுறைக்குள்ளேயே நெடுநாள் வைக்காமல் வெளியே எடுத்து உலர்த்தி, அவ்வப்போது மெழுகு தடவிவந்தால் பிடி நெடுங்காலம் உழைக்கும். சேற்று வயலுக்கோ சமையலறைத் தொட்டிக்கோ கத்தி வேண்டுவோர் மரப்பிடியே வாங்கலாம்.