தூண்டிலும் தக்கையும்

ஐதராபாத்தில் குடியேறி வாழும் நம் குடும்பத்தாருள், மாலை வேளையில் மக்களை அழைத்துக்கொண்டு உசேன் சாகர்க் கரையில் உலவாதார் அரியர். 1562-ஆம் ஆண்டளவில், இப்ராகிம் குலி குதுப் ஷாவின் ஆட்சியில் அமைந்த ஏரி அது. அதன் வடபால் 1806-இல் எழுந்த சிகந்தராபாத் தண்டிற்குச் சென்னைப் படையோடு வந்து சேர்ந்த தமிழர் பலர். அந்நாளில் ஏரிக்கரையில் கோலும் நூலுமாக அமர்ந்திருந்த வெள்ளைத் துரைமார்களைக் கண்டவர்கள், தூண்டிலிட்டு இன்புறுவது ஆங்கிலேயர் கொணர்ந்த கலை என்றே எண்ணினர். அவ்வெண்ணம் இன்றும் நம்மிடையே நிலவுகின்றது. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலேயர்க்குரிய பெருமையை நாம் மறுக்க வேண்டுவதில்லை. சென்னை மாகாண அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார் இந்திய ஆறுகளின் தூண்டில் வேட்டை குறித்து 1873-இல் ஒரு நூலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுதல் குறித்து 1887-இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். நம் நாட்டு மீன்களின் இயல்பைப் பொறுமையோடு கண்டறிந்து எழுதியவர் அவர். எனினும் அவர்தம் நாட்டிலேயே, தூண்டிற்கலை பற்றிய முதல் அச்சுநூல் 1496-இல்தான் வெளிவந்தது. தக்கை செய்யும் முறையும் அதில் கூறப்பட்டுள்ளது.

அதற்கு ஏறத்தாழ முந்நூற்று அறுபது ஆண்டுகட்கு முன்னர், சோழநாட்டில் விக்கிரம சோழன் அரசாண்ட நாட்களில், கலியாணபுரத்து அரியணையில் மேலைச் சாளுக்கியனாகிய மூன்றாம் சோமேசுவரன் வீற்றிருந்தான். அக்கலியாணமே இன்றைய பசவகல்யாண். 1956 வரை அது ஐதராபாத் இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வரசன் 1130-ஆம் ஆண்டையொட்டி 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலை இயற்றினான். நூறு அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் 'மத்ஸ்யவினோதம்' என்பது ஓர் அதிகாரம். முப்பத்தைந்து வகை மீன்களும், அவற்றிற்கு இடத்தகும் இரைகளும், தூண்டிலிட்டுப் பிடிக்கும் முறையும் அதில் கூறப்படுகின்றன. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த சுந்தர் லால் ஹோரா, 1951-இல் கல்கத்தா ஆசியக் கழக வெளியீட்டில் இதனை விளக்கி எழுதினார். மீனியலில் தேர்ந்த அறிஞர் ஒருவர் எடுத்துக்காட்டும் வரை நம்மவர் இதனை நோக்காதிருந்தது வியப்பன்று. சமையலுக்கும் இசைக்கும் அந்நூலைப் புரட்டியோர் பலர். மீனுக்காகப் புரட்டியவர் யார்?

நிற்க. அரசன் விளையாட்டாகச் செய்ததைத் தமிழகத்தில் பாணன் வயிற்றுக்காகச் செய்தான். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. நெடிய மூங்கிற் கோலில் நாண் பூட்டி, வளைந்த இரும்பு முள்ளில் இரையைப் பொதிந்து பாணன் எறிகின்றான். வாளை மீன் இரையை மட்டும் பற்றிக்கொண்டு தப்புகின்றது. தப்பிய பின்னும் அச்சம் நீங்காமல், கரையோரப் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டு வெருவுகின்றது! தூண்டிலிட்டுப் பழகியவனுக்கன்றி இந்நுட்பம் தோன்றாது. குறுந்தொகையில், யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில் மேலெழுவதற்கு மீனைத் தூக்கிய தூண்டிலை உவமை கூறிய புலவர்க்கு, மீனெறி தூண்டிலார் என்பதே பெயராக நின்றுவிட்டது. யாழ் மீட்டிய பாணனின் கையில் தூண்டிற் கோலும் இருந்தது என்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் ஏனோ விரைந்து கடந்து விடுகின்றனர்.

எனினும் பெருமை பேசும்போது அளவு தவறலாகாது. அப்பெரும்பாணாற்றுப்படை அடிகளில் கோல் உண்டு, நாண் உண்டு, முள் உண்டு, இரை உண்டு, தக்கை இல்லை. ஆழமற்ற கரையோர நீரில் அதற்குத் தேவையும் இல்லை. ஆழ்ந்த நீரிலேதான் தக்கையின் அருமை விளங்கும்.

இந்நகரின் நீர்நிலைகளே அதற்குச் சான்று. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி நகரை அழித்தபின், விசுவேசுவரய்யாவின் யோசனைப்படி 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. இத்தகைய அணைநீரில் கரை மேடாகவும், மூழ்கிய பழைய ஆற்றுப் பள்ளம் மிக ஆழமாகவும் இருக்கும். நூலில் இறுகக் கட்டிய தக்கை இங்கே பயன்படாது. கோலின் நீளத்திற்கு மேல் ஆழம் வைத்தால், மீனைத் தூக்கும்போது தக்கை கோல் நுனியில் முட்டிக்கொள்ளும். இதற்குத் தீர்வாக வந்ததே நழுவு தக்கை. நூல் தக்கையின் துளை வழியே தாராளமாக ஓடும். வேண்டிய ஆழத்தில் நூலின்மேல் ஒரு சிறு முடிச்சு. அதன்கீழ் ஒரு மணி. எறியும்போது தக்கை ஈயக்குண்டின் அருகே தங்கும். நீரில் விழுந்ததும் குண்டு நூலை இழுத்துச் செல்ல, முடிச்சு வந்து தக்கையைத் தொட்டவுடன் இரை அவ்வாழத்திலேயே நிற்கும். படகைத் துடுப்பிடாமல் காற்றின் போக்கில் விட்டால், தக்கையும் படகும் ஒருசேர மிதந்து செல்ல, இரை பள்ளத்தின் வழியே உலவி வரும். ஆழம் மாறினால் முடிச்சை நகர்த்தினாற் போதும்.

சில ஆண்டுகட்கு முன் நாகார்ச்சுன சாகர் நீரில் பரிசலேறிச் சென்றேன். தெலுங்கர் அதனைப் 'புட்டி' என்பர். பரிசற்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, முடிச்சை விரலாற் சாண் அளந்து ஏற்றினார். பின்னர் மிதந்த வெண்ணிறத் துண்டைச் சுட்டி, "பெண்டு, பெண்டு!" என்றார். எந்தப் பெண்மணி நீரில் வீழ்ந்தாளோ என்று திடுக்கிட்டுத் திரும்பினேன். தெலுங்கில் பெண்டு என்றால் நெட்டி, தக்கை. நான் விளங்கிக்கொள்ளும் முன்னரே அது நீருள் மறைந்தது. மேலே வந்த முள்ளில் இரை இல்லை. உருத்திரங்கண்ணனாரின் வாளைக்கு உறவு போலும்.