எத்தனை மூட்டை போட்டே? - கான்கிரீட்டைப் பேச வைக்கிற அமிலம்

தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்குத் தளம் போடுற அன்னைக்குப் போய்ப் பாருங்க. வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கிட்டு சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் காலி சாக்கை எண்ணுவார். கொத்தனார் மேல சந்தேகமெல்லாம் இல்லையாம், "சும்மா ஒரு கணக்குக்கு".

ஆனா நம்ம வரிப்பணத்துல கட்டுற பாலம், பள்ளிக்கூடம், தொகுப்பு வீடு, வாய்க்கால் மதகு இதுக்கெல்லாம் சாக்கு எண்ண யாரு உட்காருறா? கலவை இறுகினப்புறம் சிமெண்ட் எவ்வளவு, மணல் எவ்வளவுன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. எங்க தொழில்ல கம்பைல் பண்ணின புரோகிராமை மட்டும் கையில குடுத்து "மூல நிரலை எழுதிக் குடு"ன்னு கேட்கிற மாதிரிதான். ஆனா கான்கிரீட் விஷயத்துல அதுக்கு ஒரு வழி இருக்கு. வழியைக் காட்டினது வேதியியல்.

கதை 1756-ல ஆரம்பிக்குது. இங்கிலாந்துல எடிஸ்டோன் பாறை மேல கலங்கரை விளக்கம் கட்ட ஜான் ஸ்மீட்டன்னு ஒரு பொறியாளரைக் கூப்பிட்டாங்க. கடலுக்கு நடுவுல, தண்ணிக்குள்ளேயே இறுகுற சுண்ணாம்பு வேணும். ஊர் ஊரா சுண்ணாம்புக்கல் வாங்கிச் சோதிச்சார். வில்லியம் குக்வொர்திங்கிற நண்பர் ஒரு வித்தையைச் சொல்லிக் குடுத்தார்: கல்லைப் பொடியாக்கி நைட்ரிக் அமிலத்துல போடு, கரையாம என்ன மிஞ்சுதுன்னு பாரு. சுத்தமா கரைஞ்ச சுண்ணாம்பு தண்ணியில இறுகலை. களிமண் மிஞ்சின சுண்ணாம்புதான் இறுகிச்சு. 1824-ல ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினதுக்கெல்லாம் இதுதான் முன்கதை. அமிலத்துல எது கரையுது, எது மிஞ்சுதுங்கிற அதே கேள்வியைத்தான் இன்னைக்கும் ஆய்வகத்துல கேட்கிறாங்க.

நம்ம டெல்டாவுல அப்போ சிமெண்டே கிடையாது. கல்லணையை இந்தச் சோதனைக்கு அனுப்பினா "பூஜ்யம் மூட்டை"ன்னு ரிப்போர்ட் வரும் :-) ஆத்து மணல்ல பெரிய பெரிய கல்லை இறக்கி, களிமண்ணை வச்சே கட்டின அணை அது. அதைப் பார்த்து அசந்துபோன ஆர்தர் காட்டன் 1830-கள்ல முக்கொம்புல மேலணையையும் அணைக்கரையில கீழணையையும் கட்டினார். அதே காவிரியில மேல போனா கிருஷ்ணராஜ சாகர். 1911-ல ஆரம்பிச்சுக் கட்டினது, சுர்க்கிக் காரை. சுர்க்கின்னா செங்கல் பொடி. சுண்ணாம்போட சேர்ந்தா அதுவும் சிமெண்ட் மாதிரியே இறுகும்.

மெட்ராஸ்ல 1904-லயே கடல் கிளிஞ்சலை வச்சு சிமெண்ட் பண்ணிப் பார்த்தாங்க. ஆனா நிலைக்கலை. நம்ம பக்கத்துக்கு சிமெண்ட் நெருங்கி வந்தது 1939-ல, கொள்ளிடத்துக்கு வடக்கே டால்மியாபுரத்துல ஆலை வந்தப்போ. (1953 ஜூலை 15-ல கலைஞர் தண்டவாளத்துல தலை வச்ச கள்ளக்குடி இதேதான். பெயர்ப் பலகைக்குத்தான் போராட்டம், ஆலைக்கு இல்லை.) அந்தப் பக்கம் பூராவும் டைனோசர் காலத்துல கடல். செத்துப்போன கடல் பிராணிகளோட ஓடுதான் சுண்ணாம்புக்கல்லாகி, சூளையில வெந்து, நம்ம வீட்டுத் தளத்துல உட்கார்ந்திருக்கு.

சரி, சோதனைக்கு வருவோம். சிமெண்ட்ல கால்சியம் ஆக்ஸைடு சுமார் 64 சதவீதம், சிலிக்கா சுமார் 21 சதவீதம். கான்கிரீட்டை உடைச்சு, மாவா அரைச்சு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டா இறுகின சிமெண்ட் முழுசா கரைஞ்சிடும். நம்ம காவிரி மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அது அசையாது. கருங்கல் ஜல்லியும் அனேகமா அப்படியே கிடக்கும். வடிகட்டி, கரைசல்ல கால்சியம் எவ்வளவுன்னு ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன்ல பார்க்கணும். (முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்ல தண்ணியோட கடினத்தன்மை கண்டுபிடிச்சோமே, ஒயின் சிவப்பு நீலமா மாறுமே, அதேதான்!) கரைஞ்ச சிலிக்காவைத் தனியா அளக்கணும். ரெண்டு கணக்கும் ஒத்துப்போச்சுன்னா நம்பலாம்.

எண்ணை வச்சுப் பார்த்தா இன்னும் புரியும். ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலு கலவைன்னா ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 320 கிலோ சிமெண்ட், அதாவது ஆறரை மூட்டை. ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2400 கிலோன்னு வச்சுக்கிட்டா சிமெண்ட் 13.3 சதவீதம், கால்சியம் ஆக்ஸைடு 8.5 சதவீதம். காண்ட்ராக்டர் கைவரிசையைக் காட்டி ஒண்ணுக்கு மூணுக்கு ஆறு போட்டிருந்தா சிமெண்ட் 220 கிலோதான், கால்சியம் ஆக்ஸைடு 5.9-க்கு இறங்கிடும். ஆயிரம் சதுர அடித் தளம், அஞ்சு அங்குலம்னா கிட்டத்தட்ட 12 கன மீட்டர். 23, 24 மூட்டை காணாமப் போயிருக்கும். அமிலத்துக்கு இது தெரியும்.

இதை முறைப்படுத்தி பிரிட்டிஷ்காரங்க 1971-ல பி.எஸ். 1881 ஆறாம் பகுதின்னு தரநிர்ணயம் போட்டாங்க, 1988-ல அது 124-ஆம் பகுதியாச்சு. சும்மா கைக்குக் கிடைச்ச சில்லை எடுத்துட்டுப் போனா ஒத்துக்க மாட்டாங்க. துண்டோட சின்னப் பக்கம்கூட ஜல்லியோட அளவைப்போல அஞ்சு மடங்காவது இருக்கணும். 20 மி.மீ. ஜல்லின்னா 100 மி.மீ. இல்லேன்னா ஒரே ஒரு ஜல்லி கூடவோ குறையவோ விழுந்து மொத்தக் கணக்கையும் கவுத்துடும். இவ்வளவு பண்ணியும் விடையில கன மீட்டருக்கு நாற்பது ஐம்பது கிலோ முன்னே பின்னே இருக்கும். அதாவது ஒரு மூட்டை. ரெண்டு மூட்டை திருடினவன் மாட்டுவான், அரை மூட்டை திருடினவன் தப்பிச்சிடுவான். என்னைக் கேட்டா இந்த ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்காம ரிப்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு சண்டைக்குப் போகக் கூடாது.

திருட்டுன்னு சொன்னதும் ஒரு சரித்திரம் ஞாபகம் வருது. நம்ம அப்பா தலைமுறைக்கு சிமெண்ட் பர்மிட் வாங்கி வாங்குற சரக்கு. விலையும் வினியோகமும் அரசாங்கத்துக் கையில, கறுப்புச் சந்தையில ரேட்டே வேற. மகாராஷ்டிரா முதல்வர் அந்துலே 1982 ஜனவரியில பதவி விலகினாரே, காரணம் சிமெண்ட் ஒதுக்கீடுதான். ஒதுக்கீடு வேணும்னா அவரோட அறக்கட்டளைக்கு நன்கொடைங்கிற விவகாரத்துல பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லிச்சு. அடுத்த மாசமே பாதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினாங்க, முழுசா எடுத்தது 1989 மார்ச்ல. தங்கம் மாதிரி இருந்த சரக்கு கலவையில குறைஞ்சதுல என்ன ஆச்சரியம்?

எங்க கிராமத்துல ஒரு வாய்க்கால் மதகு. நான் காலேஜ் சேர்ந்த வருஷம் கட்டினாங்க, முடிக்கிறதுக்குள்ள அது விரிசல் விட்டு உட்கார்ந்துடுச்சு. "மண்ணு சரியில்லை"ன்னாங்க. இருக்கலாம், டெல்டா களிமண் வெயில்ல வெடிக்கும், மழையில உப்பும். ஆனா உடைஞ்ச துண்டைக் கையில தேய்ச்சா மணலா உதிர்ந்துச்சு. ரெண்டு கிலோ துண்டை எடுத்து ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தா மண்ணா மூட்டையான்னு தெரிஞ்சிருக்கும். யாரும் அனுப்பலை. ஒரு போகம் தண்ணி கடைமடைக்குப் போகாம அந்தப் பக்கத்து நாத்து காய்ஞ்சதுதான் மிச்சம்.

இந்தச் சோதனையை ஏமாத்தவும் முடியும், சில இடத்துல அதுவா ஏமாறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கிளிஞ்சல் கலந்த மணலைப் போட்டா அந்தக் கிளிஞ்சலும் அமிலத்துல கரைஞ்சு சிமெண்டாக் கணக்குல ஏறிடும். அப்போ சிலிக்கா கணக்கைத்தான் நம்பணும். அரியலூர் சுண்ணாம்புக்கல் ஜல்லின்னாலும் அதே கதை. தஞ்சாவூர்ப் பழைய வீட்டு மச்சுல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்தான். அங்க ரெண்டு கணக்கும் படுத்துடும், சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்து உண்டாகிற பசையும் அமிலத்துல கரையுமே. அதனால கட்டும்போது போட்ட மணலும் ஜல்லியும் ஒரு பை எடுத்து வச்சிருந்தா, அதையும் தனியா சோதிச்சுக் கழிச்சுடலாம். வீடு கட்டுற நண்பர்களே, செலவில்லாத வேலை, ஒரு டப்பாவுல போட்டுப் பரண்ல வையுங்க.

இப்போ புதுச் சிக்கல் ஒண்ணு. கடையில கிடைக்கிற சிமெண்ட்ல பாதிக்கு மேல சாம்பல் கலந்த ரகம். மேட்டூர் மாதிரி அனல் மின் நிலையச் சாம்பல். கலப்படம் இல்லை, சட்டப்படியான நல்ல சரக்குதான். ஆனா அந்தச் சாம்பல்ல பெரும்பகுதி நீர்த்த அமிலத்துல கரையாது. யோக்கியமா ஆறரை மூட்டை போட்டவர்கூட ரிப்போர்ட்ல அஞ்சு மூட்டைக்காரராத் தெரிவார். எந்த ரகச் சிமெண்ட்னு ஆய்வகத்துக்கு முதல்லயே சொல்லி, அதே சிமெண்ட்ல ஒரு கிலோவும் குடுத்தாத்தான் கணக்கு நேராகும். பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இன்னொண்ணு, சிமெண்ட் சரியா இருந்தும் தண்ணியை அள்ளி ஊத்தியிருந்தாலோ, ஏழு நாள் நனைக்காம விட்டிருந்தாலோ கான்கிரீட் சவசவன்னுதான் இருக்கும். அதை இந்த அமிலம் சொல்லாது. அதுக்கு உருளையா வெட்டி எடுத்து நசுக்கிப் பார்க்கிற சோதனை வேற இருக்கு. கடலோரத்துல கம்பியைத் தின்கிற உப்பைக் கண்டுபிடிக்கிறதும் தனிக் கதை. நேரம் கிடைச்சா அதை அடுத்த பதிவுல எழுதுறேன்.