கல்லும் ஏடும்

மன்னர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு, குயவர்க்கும் தச்சர்க்கும்? நம் புதூர்க் கரிசலைச் சார்ந்த கழுகுமலையில், 8, 9ஆம் நூற்றாண்டுச் சமண உருவங்களின் அடியில், அவற்றைச் செய்வித்த குரத்தியர், குயவர், தச்சர் பெயர்கள் ஊர்ப்பெயரோடு வட்டெழுத்தில் நிற்கின்றன. இத்தகைய கல்லெழுத்துகளைத் தேடிப் படியெடுத்து, 1991 முதல் ‘ஆவணம்’ இதழில் பதிப்பித்து வருகிறது தமிழகத் தொல்லியல் கழகம். அதில் பள்ளி ஆசிரியர்களும் எழுதுகின்றனர் என்பது நமக்கு உவப்பளிக்கும் செய்தி.

நம் பங்குகளின் நிலை வேறு. வீரமாமுனிவர் பணிபுரிந்த காமநாயக்கன்பட்டி இம்மண்ணிலேதான் இருக்கிறது. ஆயினும் ஆலயங்களைப் புதுக்குகையில் கல்லறைக் கற்களைத் தளத்தின் அடியில் புதைத்துவிடுகிறோம். திருமுழுக்குப் பதிவேடுகளைச் செல்லரிக்க விடுகிறோம். திருவிழா வாணவேடிக்கைக்குச் சேரும் பணத்தில் சிறுபகுதி போதும், அவற்றைப் படியெடுக்க. ஏடுகள் விரைவில் அழிவன. ஆதலின் இக்கோடையில் அவற்றிலிருந்தே தொடங்குவோம். கற்கள் அடுத்த ஆண்டு.