கோட்டைக்குப் போகும் மண் ரோடு



பிரான்சில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் சில படங்கள் அனுப்பியிருந்தார். சைக்கிளில் மண் ரோட்டிலேயே கிராமம் கிராமமாகப் போகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பழைய கோட்டை. "சார், நம்ம நீலகிரியில் மண் ரோடு இருக்கு, மலை இருக்கு, கோட்டை மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டிருந்தார். நம் பிள்ளைகள் பலருக்கும் இதே எண்ணம் உண்டு. நீலகிரி வரலாறு என்றால் சல்லிவன், மலை ரயில், தேயிலை என்று மூன்றோடு முடித்துவிடுகிறோம். ஆகவே பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கோட்டைகள் இருந்தன. ஒன்றல்ல, பல. அவை ஏன் நம் கண்ணில் படவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் அடிவாரத்துக்குப் போவோம். பவானியும் மாயாறும் கூடும் இடத்தில் டணாயக்கன் கோட்டை இருந்தது. 'தண்டநாயகன்' என்றால் படைத்தலைவன். ஹொய்சள மன்னர்களின் தண்டநாயகர்கள் அங்கே இருந்து ஆண்டார்கள். அவர்களுக்கு 'நீலகிரி சாதாரன்', அதாவது நீலகிரியை அடக்கியவன் என்ற பட்டமே இருந்தது. அதற்கும் முன்பே, 1117-ஆம் ஆண்டு சாமராஜநகர் கல்வெட்டில், விஷ்ணுவர்தனனின் தளபதி புனிசன் தோதவர்களை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்தான் என்ற செய்தி வருகிறது. வெள்ளைக்காரர் வருவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைக்கு ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மலைக்கு ஏறும் பழைய வழிகளில் ஒன்று அந்தக் கோட்டை வாசலில்தான் தொடங்கியது. 1812-இல் நில அளவையாளர் வில்லியம் கீஸ் மேலே ஏறியதும் அந்தப் பக்கமிருந்துதான். இன்று அந்தக் கோட்டை எங்கே? பவானிசாகர் அணைக்குள். அணை 1955-இல் முடிந்தது. கோட்டையும் மாதவராயப் பெருமாள் கோயிலும் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் கோயில் தலை காட்டும். ஊர் மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இரண்டாவது, வடக்கே சீகூர் பக்கம் கல்லட்டிக்கு அருகே இருந்த மலைக்கோட்டை. மைசூர்ச் சீமையிலிருந்து ஏறி வரும் வழிக்கு அது காவல். இன்று 'மலைக்கோட்டை' என்றால் ஊட்டிக்காரர்களே திருச்சியைத்தான் நினைப்பார்கள்.

மூன்றாவது நம் குன்னூர் பக்கத்துத் துருகம். படுகர் பேச்சில் 'ஹுலி' என்றால் புலி. ஹுலிக்கல் துருகம் என்பது புலிக்கல் கோட்டை. தமிழ் பேசுவோர் பக்காசூரன் மலை என்பார்கள். பீமன் பகாசுரனைக் கொன்ற கதையை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குன்னூர்ப் பள்ளத்தாக்குக்கு மேலே, கீழே சமவெளி முழுவதும் தெரியும்படி ஒரு பாறை மூக்கு. திப்பு சுல்தான் காலத்தில் இது காவல் கோட்டையாக இருந்தது. கீழேயிருந்து யார் வந்தாலும் மேலே இருப்பவனுக்கு முன்பே தெரிந்துவிடும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, மலை கம்பெனி கைக்குப் போனது, காவல்காரனுக்கு வேலை போயிற்று.

இப்போது பிரான்சோடு ஒப்பிடுங்கள். லுவார் பள்ளத்தாக்கில் உள்ள ஷாம்போர் மாளிகையை முதலாம் பிரான்சுவா மன்னர் 1519-இல் கட்டத் தொடங்கினார். அங்குள்ள பல கோட்டைகள் காலப்போக்கில் பிரபுக்கள் வாழும் மாளிகைகளாக மாறின. குடியிருக்க ஆள் இருந்தால் கூரை இருக்கும்; கூரை இருந்தால் சுவர் நிற்கும். நம் மலைக் கோட்டைகள் அப்படி அல்ல. கிடைத்த கல்லை அடுக்கி எழுப்பிய காவல் சாவடிகள். ராஜா ராணி யாரும் அங்கே குடித்தனம் செய்யவில்லை. அவற்றுக்கு ஒரே வேலை, பாதையைக் காப்பது. பாதை இடம் மாறினால் கோட்டை அநாதை.

பாதை உண்மையிலேயே இடம் மாறியது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். கோத்தகிரி கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பெத்தகல் பங்களாவை இன்றும் பார்க்கலாம். சிறுமுகையிலிருந்து கோத்தகிரி திம்பட்டிக்கு லெப்டினன்ட் எவன்ஸ் மக்ஃபர்சன் 1821-இல் பாதை வெட்டத் தொடங்கி 1823-இல் முடித்தார். பத்தே ஆண்டு, 1830-களின் தொடக்கத்தில் லெ ஹார்டி குன்னூர் வழியாக வேறொரு பாதை போட்டார். போக்குவரத்து அங்கே திரும்பியது. கோத்தகிரி பின்தங்கியது, குன்னூர் வளர்ந்தது. பிறகு 1871-இல் கர்னல் லா வண்டிகள் ஏறத் தோதான சாலை அமைத்தார். லாஸ் அருவி அவர் பெயரைத்தான் தாங்குகிறது. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. ஒவ்வொரு புதிய வழியும் தனக்கு முந்தைய வழியைப் புல் மூட விட்டது. இந்த இஞ்சினியர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அடிவாரத்துக் காய்ச்சலுக்கு நடுவே கல் உடைத்து மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

சரி, இன்று துருகத்துக்கு எப்படிப் போவது? இங்கேதான் தேயிலை வருகிறது. 1859 வாக்கில் தாய்சோலை, டன்சாண்டில் போன்ற இடங்களில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் மலைச்சரிவெல்லாம் பரவின. இலை ஏற்றவும் ஆட்கள் போகவும் எஸ்டேட்டுக்குள் மண் ரோடுகள் வெட்டினார்கள். குன்னூரிலிருந்து நான்சச் எஸ்டேட் வழியாகச் சுமார் 13 கிலோமீட்டர். கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர் நடைதான். பழைய படைவழி போய்விட்டது; இலைக்காக வெட்டிய ரோடுதான் நம்மைக் கோட்டையின் காலடியில் விடுகிறது. சைக்கிள்காரர்கள் 'கிராவல்' என்று பெரிதாகச் சொல்வது வேறொன்றுமில்லை, நம் ஊரில் வீட்டு அஸ்திவாரத்தில் கொட்டுகிறோமே, அதே கிராவல் மண்தான். அகல டயர் போட்டால் இந்த ரோட்டில் நிதானமாகப் போகலாம். தார் ரோட்டில் ஓட்டுபவர்களுக்கு 2008 முதல் டிசம்பரில் நடக்கும் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' இருக்கிறது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருபவர்களைப் பார்த்தால் நமக்கே மூச்சு வாங்கும்.

இத்தாலியில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. டஸ்கனி பகுதியில் வெள்ளை மண் சாலைகளுக்கெல்லாம் தார் போட்டுவிடுவார்களோ என்ற கவலையில் 1997-இல் 'லெரோயிகா' என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார்கள். பழைய சைக்கிள், பழைய உடை, மண் ரோடு. அந்தச் சாலைகளுக்கு உலகப் பெயர் கிடைத்தது. பலவும் அப்படியே நிலைத்தன.

ஆனால் அதை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு மண் ரோடு அழகு இல்லை. மழைக்காலத்தில் பிரசவ வலி வந்த பெண்ணை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்களைக் கேளுங்கள். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் இலை பறித்த குடும்பங்களும் அதே ரோட்டில்தான் நடந்தார்கள். மக்கள் குடியிருக்கும் இடம்வரை தார் வரட்டும், ஆம்புலன்ஸ் வரட்டும். அதற்கு அப்பால் கோட்டைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை மட்டும் பாதையாகவே இருக்கட்டும். அங்கே கார் போய்ச்சேர்ந்தால் மிச்சமிருக்கும் நாலு சுவரும் ஒரு பொங்கல் விடுமுறைக்குத் தாங்காது. பாதை இடம் மாறியதால் பாழான கோட்டை, பாதை அகலமானதால் அழிந்தது என்று ஆகக் கூடாது.

போக விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். வனத்துறையிடமும் எஸ்டேட்டிலும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். விடியற்காலையும் மாலையும் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும். பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, அது போகும்வரை நில்லுங்கள். மழைக்காலத்தில் அட்டை உண்டு. சுவரில் பெயர் கிறுக்காதீர்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள்.

வாத்தியார் எழுதினால் வீட்டுப்பாடம் இல்லாமல் இருக்குமா? வழியில் உள்ள ஹட்டிகளிலும் லைன் வீடுகளிலும் இருக்கும் பெரியவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பாதைக்கு அந்தக் காலத்தில் என்ன பெயர்? இதில் யார் யார் எதைச் சுமந்துகொண்டு போவார்கள்? அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள். சுவருக்குக் காவல் வைக்க நம்மால் முடியாது. பெயரையாவது காப்பாற்றி வைக்கலாம்.