பெயர் ஓர் அமானிதம்: டொமைனும் மின்னஞ்சலும் நம்மூர் வியாபாரமும்

பதிவு சற்று நீளம். சொந்தத் தொழில் செய்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள்.

நம்மூரை எழுத்தில் திருகோணமலை என்கிறோம், பேச்சில் திருமலை. சிங்களத்தில் திரிகுணாமலய. ஆங்கிலேயர் ட்ரிங்கோமலி என்று எழுதிவைத்தார்கள். இதில் எந்தப் பெயரை உறையில் எழுதினாலும் கடிதம் வந்துசேரும். தபால் தரம்பிரிப்பவருக்கு நான்கும் ஒரே ஊர் என்று தெரியும். கணினிக்கு அப்படித் தெரியாது. அதற்கு விளங்குவது இலக்கம் மட்டுமே. பெயரைச் சொன்னால் இலக்கத்தைக் காட்டித்தர ஓர் ஏடு வேண்டும். அந்த ஏட்டின் வரலாறுதான் இந்தப் பதிவு. நிலாவெளியில் நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துபவருக்கும், கிண்ணியாவில் கருவாடு வியாபாரம் செய்பவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

ஆரம்பத்தில் அந்த ஏடு ஒன்றே ஒன்றுதான். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயர்களையும் இலக்கங்களையும் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு ஒரே கோப்பில் வைத்துப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அங்கே அறிவிக்க வேண்டும். மற்ற எல்லோரும் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் புது ஏற்பாடொன்றை வகுத்தார். ஏட்டை ஒரே இடத்தில் வைக்காமல் பங்குபோட்டுக் கொடுத்தார். உச்சியில் இருப்பவர் நாட்டுக்குரிய ஏடு யாரிடம் என்று மட்டும் சொல்வார். நாட்டு ஏடு, கடைக்குரிய ஏடு யாரிடம் என்று சொல்லும். கடைக்காரர் தன் ஏட்டைத் தானே எழுதிக்கொள்ளலாம். டி.என்.எஸ். என்று நாம் சொல்வது இதைத்தான்.

1986இல் இதில் ஒரு முக்கியமான வரி சேர்ந்தது. அதன் பெயர் எம்.எக்ஸ். பதிவு. 'இந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சலை இன்ன கணினியிடம் ஒப்படையுங்கள், அது இல்லாவிட்டால் அடுத்ததிடம் கொடுங்கள்' என்று அந்த வரி சொல்லும். கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன் படகுப்பாதை பிந்தினால், பொருளை இக்கரைக் கடையொன்றில் கொடுத்துவைத்து, பிறகு எடுத்துப்போகலாம் அல்லவா? எம்.எக்ஸ். செய்வதும் அதேதான். எந்நேரமும் இணைப்பில் இல்லாத கணினிக்கும் இதனால் ஒரு முகவரி கிடைத்தது.

நம் நாட்டின் கதையை விளங்கிக்கொள்ளவும் இது தேவை. 'டொட் எல்.கே.' என்ற நாட்டுப் பெயர் 1990இலேயே கிடைத்துவிட்டது. அதைப் பதிவுசெய்து வளர்த்ததில் மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸின் பங்கு பெரியது. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்களுக்கிடையில் லேர்ன் வலையமைப்பு மின்னஞ்சலை ஆரம்பித்தது. பொதுமக்களுக்குக் காசுக்கு இணையச் சேவை கிடைத்ததோ 1995இல்தான். வீடு கட்டுவதற்கு முன்பே வீட்டிலக்கம் வாங்கிவைத்த மாதிரி. 2010இல் 'டொட் இலங்கை' என்று தமிழ் எழுத்திலும், 'டொட் லங்கா' என்று சிங்கள எழுத்திலும் நாட்டுப் பெயர்கள் வந்தன. இப்போது கடையின் பெயரைத் தமிழிலேயே பதியலாம்.

இனி முத்திரை விஷயத்துக்கு வருவோம். மின்னஞ்சலுக்கான விதிகள் 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. உறையின் பின்புறத்தில் யாருடைய பெயரையும் எழுதலாம். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களுக்கு அது போதுமாக இருந்தது. உலகமெல்லாம் வந்து சேர்ந்தபோது போதவில்லை.

கடிதத்துக்கு முத்திரை வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியல்ல. நபி (ஸல்) அவர்கள் வேற்று நாட்டு ஆட்சியாளர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதற்காகவே பெயர் பொறித்த வெள்ளி மோதிரம் செய்யப்பட்டதாக ஸஹீஹுல் புஹாரியில் வருகிறது. அனுப்பியவரின் கையெழுத்தையே அறியாத ஒருவருக்கும் நம்பிக்கை வரவேண்டுமென்றால் முத்திரை வேண்டும்.

இணையத்திலும் மூன்று முத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது எஸ்.பி.எஃப். 2006இல் ஆவணமாக வெளிவந்தது. 'என் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் இவைதான்' என்ற பட்டியல் அது. ஒரு பெயருக்கு இப்படி ஒரு வரிதான் இருக்கலாம். இரண்டு எழுதினால் இரண்டுமே செல்லாது. அடுத்தது 2007இல் வந்த டி.கே.ஐ.எம். இது உண்மையான முத்திரை. அச்சு நம் சேர்வரில் இரகசியமாக இருக்கும். அது சரிதானா என்று பார்க்கும் சாவி டி.என்.எஸ். ஏட்டில் பகிரங்கமாக இருக்கும். வழியில் யாராவது கடிதத்தில் கைவைத்தால் முத்திரை பொருந்தாது. மூன்றாவது 2015இல் ஆவணமான டிமார்க். முத்திரை பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெறுநருக்குச் சொல்வது இது. நம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையையும் நமக்கு வரவைக்கும்.

2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதைக் கட்டாயமாக்கின. ஜிமெயிலுக்கு நாளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் வேண்டும். குறைவாக அனுப்புபவர்களுக்கும் முதலிரண்டில் ஒன்றாவது வேண்டும். விடுதிக்காரரின் முன்பதிவு உறுதிக் கடிதம் வெளிநாட்டு விருந்தினரின் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுவதற்கு இந்த வரிகள் இல்லாததும் ஒரு காரணம். விருந்தினர் பதில் வரவில்லை என்று வேறிடம் போய்விடுவார். இவர் சீசன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு சம்பவத்தையும் நினைவூட்டுகிறோம். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி காலையில், கூகுள், ஒரக்கள் உட்பட சில நிறுவனங்களின் 'டொட் எல்.கே.' முகவரிக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அந்த நிறுவனங்களின் சேர்வருக்குள் யாரும் நுழையவில்லை. நாட்டு ஏட்டில் இருந்த வழிகாட்டல்தான் மாற்றப்பட்டது. கூகுளுக்கே அந்த நிலை என்றால், நம் கடையின் ஏட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

மேலே சொன்ன மோதிரத்தின் கதை அதோடு முடியவில்லை. அது அபூபக்கர் (ரழி), உமர் (ரழி), உஸ்மான் (ரழி) என்று கைமாறி வந்து, உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. முத்திரை யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று இதிலிருந்து விளங்கும். நாமோ டொமைனைப் பதிந்து தரும் தம்பியின் சொந்த மின்னஞ்சலிலேயே எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம். அவர் கட்டாருக்குப் போய்விட்டால், அல்லது அந்த முகவரி செயலிழந்துவிட்டால், புதுப்பிக்கும் நினைவூட்டல்கூட நமக்கு வராது. பத்து வருடமாகப் பெயர்ப்பலகையிலும் விசிட்டிங் காட்டிலும் அச்சடித்த பெயர் போய்விடும்.

ஆகவே இந்த வாரமே நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

1. டொமைன் உங்கள் பெயரிலும், உங்கள் கையிலுள்ள மின்னஞ்சலிலும், தொலைபேசி இலக்கத்திலும் பதிவாகியிருக்கிறதா? முடிவுத் திகதி என்ன?

2. எம்.எக்ஸ். வரி ஒரு கணினியின் பெயரைக் காட்டுகிறதா? அதில் நேரடியாக இலக்கம் எழுதக்கூடாது. அந்தப் பெயருக்கான இலக்கம் 'ஏ' பதிவில் இருக்க வேண்டும்.

3. சொந்த சேர்வர் என்றால், இலக்கத்திலிருந்து பெயரைக் காட்டும் பி.டி.ஆர். பதிவும் வேண்டும். அதை உங்கள் டொமைன் ஏட்டில் எழுத முடியாது. இலக்கத்தைத் தந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

4. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டும் சரியான பின் டிமார்க்கை எழுதுங்கள். முதலில் எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும் கேளுங்கள். சில வாரங்கள் அறிக்கையைப் பார்த்து, உங்கள் சொந்தக் கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்று தெரிந்தபின் கட்டுப்பாட்டை இறுக்குங்கள். எடுத்த எடுப்பில் இறுக்கினால் உங்கள் விலைப்பட்டியலே திரும்பி வரும்.

செய்து தரும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. அடுத்தவர் பெயரின் சாவி உங்களிடம் இருப்பது அமானிதம். வேலை முடிந்த அன்றே கடவுச்சொல்லை எழுதி உரியவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

தெரியாதவர்களுக்கு இதை எத்திவையுங்கள். அல்லாஹ் எல்லோருடைய தொழிலிலும் பரக்கத் செய்வானாக.